சோங்பான் சந்தையும் இருமல் கிழங்கும்

சிங்கப்பூர், மலேசிய மருந்துக் கடைகளில் விற்கும் ‘பெய் பா கோ’ என்னும் கருநிற இருமல் பாகினை, அந்நாடுகளோடு தொடர்புடைய நம் குடும்பங்கள் பல அறிந்திருக்கும். சிங் பேரரசின் காலத்தில் யாங் ஜின் என்னும் அதிகாரி ஒருவரின் தாயார் தீராத இருமலால் வாடினார். யே தியன்ஷி என்னும் மருத்துவர் அளித்த செய்முறையால் குணமடைந்தார். அத்தாயின் நினைவாகவே பாகிற்கு ‘நின் ஜியோம்’ என்று பெயர் வந்தது. இது தயாரிப்பு நிறுவனமே சொல்லிவரும் வரலாறு. யே தியன்ஷி (1667–1746) உண்மையில் வாழ்ந்த பெரும் மருத்துவர்தாம். எஞ்சியதைக் குடும்பக் கதையாகவே கொள்ளலாம். தேனும் லொக்காட் இலையும் சேர்ந்த அப்பாகில் இன்னொரு சரக்கும் உண்டு. அதன் பெயர் ‘சுவான் பெய் மு’. அதன் வரலாற்றில் முஸ்லிம் வணிகர்களுக்கும் ஒரு பங்கு இருப்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரிட்டிலேரியா என்னும் செடியின் அடிக்கிழங்கே இம்மருந்து. ‘பெய்’ என்றால் சிப்பி அல்லது சோழி. உலர்ந்த கிழங்கின் வெண்மையும் வடிவமும் அப்பெயரைத் தந்தன. ‘சுவான்’ என்பது சிச்சுவான் மாகாணத்தைக் குறிக்கும். சீனரின் மிகப் பழைய மருந்துநூலாகிய ‘ஷென்னோங் பென்சாவ் ஜிங்’கிலேயே ‘பெய் மு’ இடம்பெற்றுள்ளது. ஆயினும் பல நூற்றாண்டுகள் அப்பெயர் பலவகைக் கிழங்குகளுக்குப் பொதுவாகவே வழங்கியது. 18ஆம் நூற்றாண்டில் ஜாவ் சூமின் எழுதிய மருந்துநூல்தான் சிச்சுவான் கிழங்கையும் ஜெஜியாங் கிழங்கையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஜெஜியாங் கிழங்கு வயலில் பயிராவது, பெரியது, விலை குறைந்தது. சளி மிகுந்த இருமலுக்கு அதைக் கொடுப்பர். வறட்டு இருமலுக்குச் சிச்சுவான் கிழங்கு. அதைப் பொடித்து, பேரிக்காயின் நடுவைக் குடைந்து கற்கண்டோடு இட்டு ஆவியில் வேகவைப்பது சீன இல்லங்களில் இன்றும் உள்ள வழக்கம்.

சிச்சுவான் கிழங்கிலும் தரங்கள் உண்டு. முதல் தரத்திற்குச் ‘சோங்பெய்’ என்று பெயர். அது ஒரு செ.மீ. உயரம்கூட இராது. பெரிய செதில் ஒன்று சிறிய செதிலைத் தழுவி நிற்பதால், ‘நெஞ்சில் நிலவை அணைத்தது’ என்று மருந்து வணிகர்கள் அவ்வடிவத்தை வருணிப்பர். போலிச் சரக்கைப் பிரித்தறியவும் அதுவே அடையாளம். சோங்பெய் என்னும் பெயரிலுள்ள ‘சோங்’, சோங்பான் என்னும் ஊர். கிழங்கு விளைவது அவ்வூரில் அன்று. சுற்றிலுமுள்ள உயர்மலைப் புல்வெளிகளில். தோண்டுபவர்களோ பெரும்பாலும் திபெத்திய மக்கள். கிழங்கு வந்து குவிந்து, தரம் பிரிக்கப்பட்டு, விலைபேசப்பட்ட இடம்தான் சோங்பான். காப்பி விளையாத யமன் துறைமுகமான மோக்காவின் பெயர் காப்பிக்கு நிலைத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தோண்டிய கைகளின் பெயரைச் சரக்கு ஒருபோதும் சுமப்பதில்லை போலும்.

மின் ஆற்றின் மேல்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் உள்ளது சோங்பான். மிங் பேரரசு 1379இல் அங்கே படை நிறுத்தி மதில் எழுப்பியது. திபெத்தியர், சியாங் இனத்தார், ஹான் சீனர் ஆகியோருடன் ஹுய் முஸ்லிம்களும் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றனர். அரபு, பாரசீக, மத்திய ஆசிய நாடுகளிலிருந்து பல காலங்களில் சீனத்திற்கு வந்த வணிகரும் படைவீரரும் ஹுய் மக்களின் முன்னோர்களில் அடங்குவர். அவர்கள் பேசுவது சீனமொழி. இமாமை ‘அஹோங்’ என்று அழைப்பர். ‘ஆகுந்த்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு அது. ஓட்டுக்கூரையும் வளைந்த இறவாரமுமாகச் சீனக் கட்டட மரபில் எழுந்த பள்ளிவாசல்கள் அப்பகுதியில் உண்டு.

இம்மக்கள் சோங்பானில் இடைநிலை வணிகர்களாக விளங்கினர். தாழ்நிலத்திலிருந்து தேயிலைப் பொதிகள் மலையேறி வந்தன. மேய்ச்சல் நிலத்திலிருந்து குதிரை, கம்பளி, தோல், கஸ்தூரி, மருந்துக் கிழங்கு ஆகியவை இறங்கி வந்தன. சீனமொழியும் திபெத்திய மொழியும் அறிந்தவனுக்கே அச்சந்தையில் வேலை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சென்ற ஆங்கிலேயத் தாவரவியலார் எர்னஸ்ட் வில்சன், மேற்குச் சீனத்தில் வாழ நேர்ந்தால் சோங்பானிலேயே வாழ விரும்புவதாக எழுதினார். செடி தேடி உலகைச் சுற்றிய ஒருவரின் சொல் ஆதலால் அதற்கு எடை உண்டு.

இன்னொரு தரத்திற்கு ‘லுபெய்’ என்று பெயர். அதுவும் ஒரு சந்தையூரின் பெயரே. இன்று காங்டிங் எனப்படும் தாஜியன்லு என்னும் தேயிலை வணிக நகரமே அவ்வூர். லுபெய் தரும் செடி ஃப்ரிட்டிலேரியா டெலவாயி. பனிமலைகளின் கற்சரிவுகளில் முளைப்பது. முதல் ஆண்டுகளில் ஓரிலையாக நிற்கும். ஐந்தாம் ஆண்டுக்குப் பின்னரே, ஆண்டுக்கு ஒரு பூ பூக்கும்.

இச்செடியைப் பற்றி 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு வியப்பும் கவலையும் ஒருசேரத் தருவது. குன்மிங் தாவரவியல் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தாரும் அதனை நடத்தினர். மக்கள் எளிதில் ஏறிச்சென்று தோண்ட முடியாத இடங்களில் செடியின் இலை பளிச்சென்ற பச்சை. மிகுதியாகத் தோண்டப்பட்ட இடங்களிலோ இலை சாம்பலாகவும் பழுப்பாகவும், பக்கத்துக் கல்லின் நிறத்திலேயே இருந்தது. செடியைத் தின்னும் விலங்குகளை ஆய்வாளர்கள் தேடியும் காணவில்லை. கண்ணில் பட்ட பச்சைச் செடியை மனிதன் பிடுங்கிக்கொண்டே இருக்க, படாத செடிகள் மட்டும் விதை விட்டுப் பெருகியதன் விளைவு இது என்பது அவர்கள் முடிவு. கணினித் திரையில் செடியைக் கண்டுபிடிக்கும் சோதனையொன்றும் வைத்தனர். நிறம் மாறிய செடியைக் கண்டறியப் பங்கேற்றோருக்கு அதிக நேரம் பிடித்தது.

சீன அரசு 2021இல் காட்டு ஃப்ரிட்டிலேரியா இனங்களைப் பாதுகாக்கப்பட்ட தாவரப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் இமயமலைச் சரிவுகளிலும் இதே குடும்பக் கிழங்குகள் தோண்டப்படுகின்றன. அங்கும் விளையும் ஃப்ரிட்டிலேரியா சிரோசாவை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022இல் அழியும் இடர்நிலையுள்ள இனமாக அறிவித்தது. சில வகைகளைப் பயிரிடும் முறை சீனத்தில் வளர்ந்துள்ளது. இருந்தும் காட்டுக் கிழங்கே உயர்ந்தது என்னும் எண்ணம் வாங்குவோரிடம் மாறவில்லை. ஒரு கிலோ உலர்ந்த லுபெய்க்கு 3,500க்கும் மேற்பட்ட செடிகள் வேண்டும். ஒரு பேரிக்காயில் 3 கிராம் பொடி இட்டால், அது மலையில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்த பத்துச் செடிகள்.