கேளிக்கைப் பூங்காக்களில் திரைப்பாத்திரப் புதுப்பிப்பு

கேளிக்கைப் பூங்காக்களில் திரைப்பாத்திரப் புதுப்பிப்பு என்பது, பல ஆண்டுகள் ஓடி மக்களுக்குப் பழகிப்போன ஒரு சவாரியின் தண்டவாளம், படகு, மின்தூக்கி, கட்டடம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, அதன்மேல் புகழ்பெற்ற திரைப்படம் ஒன்றின் மாந்தர், இசை, கதை ஆகியவற்றை ஏற்றி மீண்டும் திறக்கும் முறையாகும். அமெரிக்காவின் டிஸ்னி, யுனிவர்சல் பூங்காக்களில் 1990களின் இறுதியிலிருந்து இது பெருகியது. ஹாங்காங், டோக்கியோ, சிங்கப்பூர் பூங்காக்களும் இதைக் கையாண்டுள்ளன. இந்தியாவில் திரைப்படம் சார்ந்த பெரிய சவாரிகள் பெரும்பாலும் புதிதாகவே கட்டப்பட்டவை. தமிழ்நாட்டில் இவ்வழக்கம் நிலையான பூங்காக்களைவிடத் திருவிழா ராட்டினங்களிலும் பொருட்காட்சிகளிலும்தான் கண்ணில் படுகிறது.

தோற்றம்

கேளிக்கைப் பூங்காவுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோதே, ‘ஸ்னோ ஒயிட்’ (1937), ‘பீட்டர் பான்’ (1953) ஆகிய படங்களைத் தழுவிய சவாரிகள் அங்கு இருந்தன. ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த முக்கியமான சவாரிகள் எந்தப் படத்தையும் சாராதவை. பேசும் பறவைப் பொம்மைகள் பாடும் டிக்கி அரங்கு 1963இல் வந்தது. 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்ட ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ 1966இல் டிஸ்னிலாந்துக்கு வந்து சேர்ந்தது. 1967இல் கடற்கொள்ளையர் படகுச் சவாரியும், 1969இல் பேய் மாளிகையும் திறக்கப்பட்டன. பொம்மை, ஒலி, ஒளி ஆகியவற்றைக் கொண்டே இவை கதை சொல்லின. பின்னாளில் திரைப்பாத்திரங்கள் குடியேறியது பெரிதும் இவற்றில்தான்.

காரணங்கள்

சவாரியின் இயந்திரமும் அதன் கதையும் ஒரே வேகத்தில் முதுமையடைவதில்லை. நீர்வாய்க்கால், தண்டவாளம், மின்தூக்கிக் கோபுரம் முதலியவை முறையாகப் பராமரிக்கப்பட்டால் பல பத்தாண்டுகள் உழைக்கும். கதையோ ஒரு தலைமுறைக்குள் பழசாகிவிடும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதைவிட, உள்ள கட்டமைப்பின்மேல் புதிய கதையை ஏற்றுவது பெரும்பாலும் குறைந்த செலவில் முடிகிறது. நகரத்தால் சூழப்பட்டு விரிவடைய இடம் குறைந்த டிஸ்னிலாந்து போன்ற பூங்காக்களுக்கு நிலமும் ஒரு காரணம்.

வணிகக் காரணமும் உண்டு. படம் முன்பே பெற்ற விளம்பரம் சவாரிக்குக் கூட்டம் சேர்க்கிறது. சவாரியின் வெளிவாயிலை ஒட்டிய கடையில் அப்படத்தின் பொம்மையும் உடையும் விற்பனையாகின்றன. டிஸ்னி நிறுவனம் 2006இல் பிக்சாரையும், 2009இல் மார்வெலையும், 2012இல் லூகாஸ்ஃபிலிமையும் வாங்கிய பின், அந்தப் பாத்திரங்களைப் பூங்காவுக்குள் கொண்டுவரும் போக்கு வலுத்தது.

முறைகள்

இம்மாற்றங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

*சேர்ப்பு:* பழைய காட்சிகள் அப்படியே இருக்க, இடையிடையே திரைப்பாத்திரங்களை வைப்பது. ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ சவாரியில் பல நாட்டுக் குழந்தைப் பொம்மைகளுக்கு நடுவே டிஸ்னி பாத்திரங்கள் நுழைந்தது இவ்வகை.

*முழுமாற்றம்:* இயந்திரத்தை வைத்துக்கொண்டு கதை, பெயர், பொம்மை, இசை அனைத்தையும் மாற்றுவது. செலவு மிகுந்தது, சவாரி மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் மூடப்படும்.

*பருவகால மாற்றம்:* விழாக்காலத்துக்கு மட்டும் வேடமிட்டுப் பின் கலைத்துவிடுவது. 2001 முதல் டிஸ்னிலாந்தின் பேய் மாளிகை, ஆண்டின் கடைசி மாதங்களில் ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ (1993) படத்தின் உலகமாக மாறிப் பின்னர் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பழைய சவாரியை விரும்புவோரையும் புதுமை தேடுவோரையும் ஒருசேர நிறைவு செய்வதால் இவ்வகைக்கு எதிர்ப்பு குறைவு.

குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டுகள்

*நீர்மூழ்கிச் சவாரி.* டிஸ்னிலாந்தின் நீர்மூழ்கிச் சவாரி 1959இல் தொடங்கி 1998இல் மூடப்பட்டது. உண்மையில் அந்தக் கலங்கள் மூழ்குவதில்லை. நீருக்கடியில் உள்ள தடத்தைப் பற்றிக்கொண்டு குளத்தில் நகரும். பயணிகள் நீர்மட்டத்துக்குக் கீழே அமர்ந்து வட்டச் சாளரம் வழியே பார்ப்பதால் மூழ்கியது போன்ற உணர்வு உண்டாகும். ஒன்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்த பின், 2007 ஜூனில் இது ‘ஃபைண்டிங் நீமோ’ சவாரியாகத் திறக்கப்பட்டது. டீசலில் ஓடிய கலங்கள் மின்சாரத்துக்கு மாற்றப்பட்டன. நீருக்குள் மீன்கள் பேசுவதுபோல் அசைபடங்கள் காட்டப்பட்டன. நிரந்தரமாக மறைந்திருக்கக்கூடிய ஒரு சவாரியைத் திரைப்பாத்திரம் மீட்டதற்கு இது சான்று.

*கடற்கொள்ளையர்.* வால்ட் டிஸ்னி நேரடியாக மேற்பார்வையிட்ட கடைசிச் சவாரி இது. 1966 டிசம்பரில் அவர் இறந்தார். அடுத்த மார்ச்சில் சவாரி திறந்தது. 2003இல் இதன் அடிப்படையில் ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படம் வந்து உலகெங்கும் வெற்றி பெற்றது. படத்துக்கு மூலமான சவாரிக்குள்ளேயே 2006இல் படத்தின் மாந்தர் வந்து சேர்ந்தனர். ஜாக் ஸ்பேரோவின் பொம்மை, நடிகர் ஜானி டெப்பின் முகச்சாயலோடும் குரலோடும் பீப்பாய்க்குள்ளிருந்து தலை நீட்டியது. டேவி ஜோன்ஸின் முகம் பனித்திரையில் வீசப்பட்டது. பழைய பொம்மைகளும் பாடலும் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டன.

*‘ஃப்ரோஸன்’.* ஃப்ளோரிடாவில் உள்ள எப்காட் பூங்காவின் நார்வே அரங்கில் 1988 முதல் ‘மேல்ஸ்ட்ராம்’ என்ற படகுச் சவாரி இருந்தது. நார்வேயின் தொன்மம், கடற்பயணம், எண்ணெய்க் கிணறு ஆகியவற்றை அது காட்டியது. 2014 அக்டோபரில் மூடப்பட்டு, 2016 ஜூன் 21 அன்று ‘ஃப்ரோஸன்’ படத்தின் சவாரியாகத் திறக்கப்பட்டது. படகு ஓரிடத்தில் பின்னோக்கிச் செல்லும் பழைய பாதை அப்படியே இருந்தது. படத்தின் நாயகி எல்சா தன் ஆற்றலை வெளிப்படுத்தும் தருணத்தோடு அந்தப் பின்னோட்டத்தை வடிவமைப்பாளர்கள் இணைத்தனர். பாதையின் வளைவுக்கு ஏற்பக் கதையை அமைக்கும் இந்த உத்தி, முழுமாற்றத்தின் அடிப்படைப் பாடமாகக் கருதத்தக்கது.

*கோபுரச் சவாரி.* கலிபோர்னியா அட்வெஞ்சர் பூங்காவில் 2004இல் திறந்த ‘டவர் ஆஃப் டெரர்’, பாழடைந்த விடுதியின் மின்தூக்கி அறுந்து விழுவதுபோல் அமைந்தது. 2017 மே 27 முதல் அதே மின்தூக்கி ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ படத்தின் சிறை உடைப்புக் கதையானது. ஆறு பாடல்களுள் ஏதேனும் ஒன்று ஒலிக்க, அதற்கேற்ப ஏற்ற இறக்கம் மாறும் என்பதால் மக்கள் மீண்டும் மீண்டும் ஏறுகின்றனர்.

*‘ஸ்பிளாஷ் மவுன்டன்’.* 1989இல் டிஸ்னிலாந்தில் திறந்து, பின்னர் ஃப்ளோரிடாவிலும் டோக்கியோவிலும் அமைந்த இச்சவாரி, ‘சாங் ஆஃப் தி சவுத்’ (1946) படத்தின் விலங்குப் பாத்திரங்களைக் கொண்டது. அதிலிருந்த பொம்மைகள் பல, ‘அமெரிக்கா சிங்ஸ்’ என்ற பழைய நிகழ்ச்சியிலிருந்து எடுத்து வைக்கப்பட்டவை. அமெரிக்கக் கறுப்பின மக்களை அப்படம் காட்டிய விதம் நெடுங்காலமாகக் கண்டிக்கப்பட்டது. 2020 ஜூனில் மாற்றம் அறிவிக்கப்பட்டு, ‘தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்’ (2009) படத்தின் நாயகி டியானா பெயரில் 2024 ஜூனில் ஃப்ளோரிடாவிலும் நவம்பரில் கலிபோர்னியாவிலும் திறக்கப்பட்டது. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து படகு விழும் அருவி மாறவில்லை. டோக்கியோவில் மூலச் சவாரி தொடர்கிறது.

எதிர்ப்பும் பின்வாங்கலும்

எல்லா மாற்றமும் எடுபட்டதில்லை. ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவில் இருந்த டிக்கி அரங்கில் 1998இல் ‘அலாவுதீன்’ படத்தின் கிளி இயாகோவும் ‘தி லயன் கிங்’ படத்தின் ஸாஸுவும் புதிய முதலாளிகளாக நுழைந்து, பழைய நிகழ்ச்சியையே கேலி செய்தன. பழைய பார்வையாளர்கள் இதை ரசிக்கவில்லை. 2011 ஜனவரியில் அங்கு தீ விபத்து நேர்ந்தது. அவ்வாண்டே அரங்கு திரைப்பாத்திரங்கள் இல்லாத பழைய வடிவத்துக்குத் திரும்பியது.

‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ மாற்றத்தின்போது, அதன் தோற்றத்தை உருவாக்கிய ஓவியர் மேரி பிளேரின் குடும்பத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். நார்வே அரங்கைப் பற்றிய கண்டனம் வேறு வகையானது. உண்மையான ஒரு நாட்டை அறிமுகப்படுத்தவேண்டிய இடத்தில் ‘ஃப்ரோஸன்’ படத்தின் ஆரண்டேல் என்ற கற்பனை நாடு அமர்ந்தது எப்காட்டின் நோக்கத்துக்கே முரண் என்றனர் விமர்சகர்கள்.

திரைப்பாத்திரமும் பழசாகும் என்பது மற்றொரு சிக்கல். ஃப்ளோரிடா யுனிவர்சல் பூங்காவில் 1999இல் ‘டூயலிங் டிராகன்ஸ்’ என்ற பெயரில் திறந்த இரட்டை ரோலர் கோஸ்டர், 2010இல் ‘ஹாரி பாட்டர்’ உலகத்துக்குள் சேர்க்கப்பட்டது. 2017இல் அதுவும் மூடப்பட்டு, அதே இடத்தில் 2019இல் அக்கதையின் பாத்திரமான ஹாக்ரிட்டின் பெயரில் முற்றிலும் புதிய கோஸ்டர் வந்தது. ஹாங்காங்கில் ‘பஸ் லைட்இயர்’ சவாரி 2019இல் ‘ஆன்ட்-மேன்’ சவாரியானது. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உள்ள யுனிவர்சல் பூங்காவில், ‘மடகாஸ்கர்’ பகுதி 2022இல் மூடப்பட்டு 2025இல் மினியன்களின் பகுதியாகத் திறந்தது. படத்தை நம்பிய சவாரிக்கு அப்படத்தின் ஆயுளே எல்லையாகிறது.

உரிமம்

பாத்திரத்தைப் பயன்படுத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே எதை எங்கே வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. மார்வெல் நிறுவனம் 1994இல் யுனிவர்சலோடு செய்த ஒப்பந்தம் இன்றும் செல்லுபடியாவதால், மார்வெல் டிஸ்னியின் சொத்தான பின்பும், ஸ்பைடர்மேன் போன்ற பாத்திரங்களை ஃப்ளோரிடாவில் சவாரியாக்க டிஸ்னியால் இயலவில்லை. கலிபோர்னியாவுக்கு அந்தத் தடை இல்லை.

இந்தியா

இந்தியாவின் முதல் கேளிக்கைப் பூங்காவாகக் கருதப்படும் டெல்லியின் அப்பு கர் (1984–2008), திரைப்பாத்திரத்தின் பெயரில் அமைந்ததல்ல. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான அப்பு யானையின் பெயரில் அமைந்தது. மகாராட்டிரத்தின் கோபோலி அருகே 2013இல் திறந்த இமேஜிக்காவில், ‘மிஸ்டர் இந்தியா’ (1987) படத்தைத் தழுவிய அசைவிருக்கைச் சவாரி உள்ளது. 2016இல் திறந்த பாலிவுட் பார்க்ஸ் துபாய், ‘ஷோலே’, ‘லகான்’, ‘டான்’, ‘க்ரிஷ்’, ‘ரா.ஒன்’ ஆகிய இந்திப் படங்களை நம்பிக் கட்டப்பட்டு 2023இல் மூடப்பட்டது. ஐதராபாத்தின் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் வழி வேறு: ‘பாகுபலி’ படத்துக்காகப் போடப்பட்ட அரங்கமே படப்பிடிப்புக்குப் பின் சுற்றுலாக் காட்சியாயிற்று.

தமிழ்நாடு

தமிழகப் பூங்காக்களுக்குத் திரையுலகத் தொடர்பு தொடக்கத்திலேயே உண்டு. தாம்பரம் அருகே 1995இல் கிஷ்கிந்தாவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) படத்தைத் தயாரித்தவர். படத்தை இயக்கியவர் அவர் மகன் ஜிஜோ.

சென்னையின் முக்கியப் பூங்காக்கள் நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும் உள்ளன: கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்.; பூந்தமல்லி தாண்டிப் பழஞ்சூரில் குயின்ஸ் லேண்ட். வடக்கே மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி மக்களுக்கும், பொன்னேரி வழியே ரயிலேறும் பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குடும்பங்களுக்கும், கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் எட்டிவிடக்கூடிய, பொருட்காட்சி நடக்கும் தீவுத்திடலே கைக்கு அருகில் உள்ளது. சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி அங்கு நடத்தும் பொருட்காட்சியிலும், ஊர்த் திருவிழாக்களிலும் ராட்சத ராட்டினம், கொலம்பஸ், குடை ராட்டினம், பேய் வீடு ஆகியவை இடம்பெறுகின்றன. இவை ஊர் ஊராகக் கழற்றிப் பூட்டப்படும் பழைய இயந்திரங்கள். அவற்றின் பலகைகளில் மிக்கி மவுஸ், ஸ்பைடர்மேன், சோட்டா பீம் எனக் காலத்துக்கேற்பப் படம் மாறுகிறது. ‘அவதார்’ படத்தின் நீலநிற மாந்தரை வைத்த அரங்குகளும் அண்மைக் காலத்தில் பல ஊர்களில் போடப்பட்டன. பாகுபலி தோற்றத்தில் பிள்ளையார் சிலை செய்யும் அதே மனப்போக்கு இதிலும் தெரிகிறது. பெரும் பூங்கா பல ஆண்டுகள் திட்டமிட்டுச் செய்யும் மாற்றத்தை, ராட்டினக்காரர் ஓரிரு நாளில் வண்ணப்பூச்சால் முடித்துவிடுகிறார்.

தமிழ்த் திரைப்பாத்திரங்கள் சவாரியாவதற்கு ஒரு தனித் தடையும் உள்ளது. எல்சாவோ நீமோவோ வரையப்பட்ட உருவங்கள். உரிமை முழுவதும் நிறுவனத்திடம் இருக்கிறது. தமிழில் பெருவெற்றி பெற்ற பாத்திரம் பெரும்பாலும் நடிகரிடமிருந்து பிரிக்க முடியாதது. ‘பாட்ஷா’வின் மாணிக்கத்தை ரஜினிகாந்தின் முகமும் நடையும் குரலும் இல்லாமல் பொம்மையாக்க முடியாது. தம் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஓர் இந்திப் படத்துக்கு எதிராக அவர் தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அவருக்கு ஆதரவாகத் தடை விதித்தது. எனவே இங்கு ஒரு பூங்கா, தயாரிப்பாளரின் பதிப்புரிமையோடு நடிகரின் ஆளுமை உரிமையையும் பெறவேண்டியிருக்கும். ஜாக் ஸ்பேரோவுக்கு ஜானி டெப்பின் ஒத்துழைப்பு கிடைத்ததுபோல் நட்சத்திரங்கள் முன்வந்தால் மட்டுமே அத்தகைய சவாரி இயலும். உலோக உடல் கொண்ட, ‘எந்திரன்’ (2010) படத்தின் சிட்டி போன்ற பாத்திரங்களுக்கு இத்தடை ஓரளவு குறையலாம். ஆயினும் அங்கும் முகம் ரஜினிகாந்துடையதே.