தேயிலைத் தோட்டத்தில் வேரூன்றிய ரக்பி: மலைக் கிராமச் சிறுமிகளுக்கு உள்ளூர் கிளப்கள் செய்யக்கூடியது என்ன?

மேற்கு வங்க மாநிலம் ஜல்பாய்குரி மாவட்டத்தில், வைகுண்டபூர் வனத்தை ஒட்டி அமைந்துள்ளது சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களின் மகள்கள் இங்கு 2013-ஆம் ஆண்டு முதல் ரக்பி விளையாடி வருகின்றனர். கொல்கத்தாவைச் சேர்ந்த ஜங்கிள் குரோஸ் கிளப்பின் 'கேலோ ரக்பி' திட்டம் மூலம் பந்தும் பயிற்சியும் இத்தோட்டத்தைச் சென்றடைந்தன. சந்தியா ராய் உள்ளிட்டோர் இங்கிருந்து இந்திய அணி வரை முன்னேறினர்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள வட்டவடைக்கு இந்த அனுபவம் அந்நியமானதல்ல. மூணாறிலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில் உள்ள இவ்வூரில், படிக்கட்டு நிலங்களில் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு பயிரிடும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. மலை, உழைக்கும் பெற்றோர், தொலைவான கல்லூரி என இரு ஊர்ச் சிறுமிகளின் சூழலிலும் ஒற்றுமைகள் பல.

ஏன் ரக்பி?

கிரிக்கெட், பாட்மிண்டன் போன்ற விளையாட்டுகளில் 14 வயதில் மட்டையைத் தொடும் சிறுமி, சிறுவயதிலேயே பயிற்சி பெற்றவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ரக்பியோ இந்தியாவில் பெரும்பாலானோருக்குப் புதிய ஆட்டம். பதின்வயதில் தொடங்குபவரும் அதிகம் பின்தங்குவதில்லை. வேகமாக ஓடுபவர், உடல் வலுமிக்கவர், உருவத்தில் சிறியவர் என அனைவருக்கும் அணியில் இடமுண்டு.

ஒலிம்பிக்கில் ஆடப்படுவது எழுவர் ரக்பி. ஓர் அணிக்கு 7 பேர். பாதிக்கு 7 நிமிடம் வீதம் 14 நிமிட ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி முன்னோக்கி ஓடலாம். ஆனால் கையால் வீசும்போது முன்னோக்கி வீசக் கூடாது. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் 5 புள்ளிகள். 15 பேர் கொண்ட அணியைத் திரட்ட இயலாத சிறிய ஊருக்கு இவ்வடிவமே ஏற்றது. தொடக்கத்தில், பிடித்து வீழ்த்துவதற்குப் பதிலாகத் தொட்டாலே போதும் என்ற 'டச் ரக்பி' முறையில் பயிற்சி அளிக்கலாம். மகளுக்கு அடிபடுமே என்று தயங்கும் பெற்றோரை மைதானத்துக்கு அழைத்து வர இதைவிட எளிய வழி இல்லை.

தாமதமாகக் கிடைத்த வாய்ப்பு

இந்தியாவுக்கு ரக்பி புதிதன்று. 1870-களில் கலைக்கப்பட்ட கல்கத்தா கிளப்பின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த 'கல்கத்தா கோப்பை'க்காகவே இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றளவும் மோதுகின்றன. எனினும் இந்தியப் பெண்கள் சர்வதேசக் களம் காண 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 15 பேர் ஆட்டத்தில் 2018-இல் அறிமுகமான மகளிர் அணி, 2019 ஜூன் மாதம் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்ற கணக்கில் வீழ்த்தி முதல் வெற்றியைப் பதிவு செய்தது. அந்த ஆட்டத்தில் ஜொலித்த சுமித்ரா நாயக், ஒடிசாவில் பழங்குடி மாணவர்களுக்கான கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் பயின்றவர். பீகாரின் சிற்றூரிலிருந்து வந்த ஸ்வீட்டி குமாரி, 2019-ஆம் ஆண்டின் சிறந்த சர்வதேச இளம் வீராங்கனையாக 'ஸ்க்ரம்குவீன்ஸ்' இணையதளத்தால் தேர்வு செய்யப்பட்டார். பெருநகர கிளப்கள் மட்டுமே அணியை உருவாக்கவில்லை என்பதற்கு இவ்விருவரே சான்று.

கிளப்களின் பொறுப்பு

பந்து வாங்குவது ஒருமுறைச் செலவு. போக்குவரத்துச் செலவோ வாரந்தோறும் வரும். மலைப்பாதையில் மாலைப் பேருந்தைத் தவறவிடும் சிறுமி அடுத்த பயிற்சிக்கு அனுப்பப்படுவது சந்தேகமே. எனவே பயிற்சி நேரத்தைப் பேருந்து நேரத்தை ஒட்டி வகுப்பதே கிளப் செய்ய வேண்டிய முதல் வேலை. உடை மாற்ற மூடிய அறை, கழிப்பறை, மாதவிடாய் நாட்களுக்கான நாப்கின், விளையாட்டுக்கான உள்ளாடை ஆகியவை நன்கொடைப் பட்டியலில் கோப்பைகளுக்கு முன்னால் இடம்பெற வேண்டியவை. பல் பாதுகாப்புக் கவசமும் அவசியம்.

பெண் பயிற்சியாளர் இருப்பது பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றுத் தரும். வெளியூரிலிருந்து வாரம் ஒருமுறை வருபவரை மட்டும் நம்பியிராமல், மூத்த வீராங்கனைகளையே பயிற்சியாளராகவும் நடுவராகவும் தயார்படுத்தும் கிளப்கள் நிலைத்து நிற்கின்றன.

தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே வீராங்கனையை உடனடியாக வெளியேற்ற வேண்டும். அன்றைய தினம் மீண்டும் களமிறக்கக் கூடாது என்பது உலக ரக்பி அமைப்பின் விதி. கிளப் எவ்வளவு சிறியதாயினும் இதில் விலக்கில்லை.

வட்டவடை போன்ற சரிவான ஊர்களில் சமதளமே அரிது. முழு அளவு ரக்பி மைதானத்துக்கு 100 மீட்டர் நீளமும் சுமார் 70 மீட்டர் அகலமும் தேவை. எனினும் டச் ரக்பிக்கு அதில் பாதி இடமே போதுமானது. கற்களை அகற்றிய பள்ளி மைதானத்திலேயே பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.