காலடியில் ஒரு கணப்பு

தமிழகத்தில் தரை என்பது குளிர்ச்சி தருவது. சித்திரை வெயிலில் பாயையும் தள்ளிவிட்டு வெறுந்தரையில் படுத்து வளர்ந்த நாம், உத்தியோகத்தின் பொருட்டு டில்லிக்கோ சிம்லாவுக்கோ வந்து சேர்ந்த முதல் மார்கழியில், அதே தரையில் கால் வைக்க அஞ்சுகிறோம். தரையையே கணப்பாக்கலாம் என்பது நமக்குப் புதுமை. உலகிற்கோ ஈராயிரம் ஆண்டுப் பழமை.

உரோமானியர் தம் நீராடுமண்டபங்களின் தளத்தைச் சிறு செங்கல் தூண்களின்மீது நிறுத்தி, அடியில் அனலை உலவவிட்டனர். தூண்களின் உயரம் இரண்டடி என்று வகுத்த விட்ருவியஸ், தீ எங்கும் பரவும் பொருட்டு அடித்தளம் அடுப்பை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும் என்றும், உள்ளே எறிந்த பந்து அடுப்பு வாயிலுக்கே உருண்டு வரவேண்டும் என்றும் எழுதிவைத்தார். அத்தளம் சூடேற நெடுநேரமாகும். நாள்தோறும் மக்கள் திரளும் இடத்தில் அது குறையாகத் தோன்றவில்லை.

வீட்டிற்குள் இதனைப் பேணி வளர்த்தவர் கொரியர். சமையலடுப்பின் புகையும் வெம்மையும் பக்கத்து அறையின் கற்பலகைகளுக்கு அடியே ஓடி, மறுபுறத்துப் புகைபோக்கி வழியே வெளியேறும். கல்லின்மேல் களிமண் பூசி, எண்ணெயூட்டிய காகிதம் ஒட்டுவர். ஒண்டோல் என்பது இதன் பெயர். அடுப்பை ஒட்டிய பகுதியே மிகுந்த வெம்மையுடையது. அது வீட்டு முதியோர்க்கும் விருந்தினர்க்கும் உரிய இடம். நம் திண்ணையில் தாத்தாவுக்கென்று ஒரு மூலை இருந்ததை நினைவுகூர்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் விறகின் இடத்தை நிலக்கரிக் கட்டி பிடித்தபோது, விரிசல் கண்ட தளத்தின் வழியே கார்பன் மோனாக்சைடு கசிந்து, உறங்கியோர் பலர் விழிக்காமலே போயினர். புகைக்குப் பதிலாக வெந்நீரைக் குழாயில் ஓட்டும் முறை அங்கே பரவியதற்கு இத்துயரம் ஒரு முக்கிய காரணம்.

அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் ஜப்பானில் ஒரு செல்வர் இல்லத்துக் கொரிய அறையில் இவ்வெம்மையை நுகர்ந்து வியந்தார். 1937-இல் மாடிசன் நகரில் நிறைவுற்ற ஜேக்கப்ஸ் இல்லத்தின் தளத்தடியே குழாய்களைப் பதித்துச் சூடேற்றினார்.

இன்று இம்முறையை நாடுவோர் முதலில் கேட்பது, எவ்வளவு சூடு தரும் என்பது. நம் கருத்தில், எவ்வளவு விரைவில் சூடேறும், எவ்வளவு விரைவில் ஆறும் என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும். கனத்த காரைத் தளத்தில் பதித்த குழாய் மணிக்கணக்கில் காத்திருக்கச் செய்யும். ஆறவும் அவ்வளவு நேரம் கொள்ளும். மெல்லிய பலகைமேல், ஓடுகளுக்கு நேர் கீழே அமைத்த குழாயோ மின்கம்பியோ விரைந்து பணியும்.

காஷ்மீரத்துப் பள்ளிவாசல்களிலும் சில இல்லங்களிலும் ஹமாம் என்னும் அறையைக் காணலாம். கற்பலகைத் தளத்தின்கீழ் விறகெரித்தால், தீ அவிந்த பின்னும் கல் நெடுநேரம் வெதுவெதுப்பாயிருக்கும். இரவும் பகலும் விடாத குளிருக்குக் கனத்த தளமே தக்கது. டில்லியின் கதை வேறு. தை மாதத்து விடியலில் விறைத்த கை, நண்பகல் வெயிலில் போர்வையை உதறுகிறது. அங்கே கனத்த தளத்தை விடியலில் மூட்டினால், அது சூடேறும் வேளையில் வெயிலும் வந்துவிடும், காசு வீண். பகலில் அனைவரும் அலுவலகம் செல்லும் வீட்டிற்கு மெல்லிய தளமே ஏற்றது. எதுவாயினும், மக்கள் புழங்கும் இடத்தில் தளத்தின் மேற்பரப்பு 29 பாகை செல்சியசைக் கடவாதிருத்தல் நலம் என்பது ஐரோப்பியப் பொறியியலார் கொண்ட அளவு.

ஒன்று சொல்ல மறந்தோம். ஊரிலிருந்து ஆசையோடு கொணர்ந்த பவானி ஜமக்காளத்தை அத்தரைமீது விரித்துவிடாதீர்கள். கீழிருந்து வரும் சூட்டை அது தடுத்துவிடும். தரையைத் தோண்ட இயலாத வாடகை வீட்டினர் மட்டும் தாராளமாக விரித்துக்கொள்ளலாம்.