தெவசத்துக்கு ஆகாத பூ

போன மாசம் மெட்ராஸ் போயிருந்தப்ப மயிலாப்பூர்ல ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோட போக வேண்டாமேன்னு நம்ம தோட்டத்து காலிஃபிளவர் நாலு பறிச்சு, ஓசூர்ல ராத்திரி பஸ் ஏறி, இலை வாடாம கொண்டுபோய் சேத்துட்டேன். சிநேகிதரோட அம்மா வாசல்லயே பையைப் பாத்துட்டாங்க. "ஐயோ, எங்காத்துல இன்னிக்குத் தெவசம். இதை உள்ள கொண்டுபோகப்படாது, திண்ணைலயே வச்சுடுங்கோ."

எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனா அப்புறம் மாமி சொன்ன கணக்கு சுவாரஸ்யமா இருந்துச்சு. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரை, கொத்தவரை, சேப்பங்கிழங்கு எல்லாம் ஆகும். கோஸ், காலிஃபிளவர், கேரட், உருளை, தக்காளி ஆகாது. காரத்துக்கு மிளகுதான், மிளகாய் கிடையாது. அதாவது, முன்னோர்கள் காலத்துல இல்லாத காய் எதுவும் இலையில விழாது! நாட்டுக்குள்ள எது எப்ப வந்துச்சுன்னு சொல்ற சரித்திரப் புஸ்தகம் மாதிரி இருக்கு இந்தச் சமையல். மிளகாய் வந்து 400 வருஷத்துக்கு மேல ஆகியும் உள்ள விடலை. நம்ம பூ வந்து 200 வருஷம்தான்.

1822-ல ஜெம்சன்னு ஒரு டாக்டர் லண்டன் கியூ தோட்டத்துலேர்ந்து காலிஃபிளவர் விதையை உத்தரப் பிரதேசத்து சஹாரன்பூருக்குக் கொண்டு வந்தார். கும்பினித் தோட்டத்துல விதைச்சுப் பாத்தாங்க. மெட்ராஸ்ல 1835-ல விவசாய தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பிச்சாங்க. கதீட்ரல் ரோட்டுல, ஒரு காலத்துல டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்து இப்ப செம்மொழிப் பூங்கா இருக்கே, அது அந்தச் சங்கத்துத் தோட்டத்தோட ஒரு பகுதிதான்.

ஆனா மெட்ராஸ் வெயில்ல சீமைக் காலிஃபிளவர் ஒண்ணும் நடக்காது. நாம சாப்பிடறது விரியாத பூங்கொத்து. குளிர் பட்டாத்தான் செடி அதை வைக்கும், இல்லேன்னா இலையா வளர்ந்துகிட்டே போகும். அதனாலதான் வெள்ளைக்காரங்க ஊட்டிக்குப் போனாங்க. 1845 வாக்குல சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வச்சாங்க. இன்னிக்கு நீங்க டிக்கெட் வாங்கி சுத்திப் பாக்கற ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் அப்படித்தான் ஆரம்பிச்சது. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்ததே 1873-லதான். அதுவரைக்கும் மலைக்காய் மெட்ராஸ்காரங்களுக்கு எட்டாக்கனி.

அப்புறம் தரைக்கு எப்படி இறங்குச்சு? வடக்கே விவசாயிங்க, வெயில் அடங்கறதுக்கு முன்னாடியே எந்தச் செடி பூ வச்சுதோ அதை வெட்டாம விதைக்கு விட்டாங்க. அடுத்த வருஷமும் அதுலயே பொறுக்கினாங்க. ஏறக்குறைய நூறு வருஷப் பொறுக்கல்ல சூடு தாங்கற இந்திய ரகமே தனியா உருவாகிடுச்சு. டெல்லி பூசா நிலையம் பின்னாடி விட்ட தீபாளி மாதிரி ரகங்களுக்கு அடிப்படை அந்த விதைங்கதான். ஜெம்சன் பேரு புஸ்தகத்துல இருக்கு. பொறுக்கினவங்க பேரு ஒண்ணுகூட இல்லை.

வளர்க்கறது லேசு இல்லைங்க. பூ கோழிமுட்டை அளவு வந்ததும் சுத்தி இருக்கற இலையைச் சேத்து மேல கட்டணும், இல்லேன்னா வெயில்ல மஞ்சளாயிடும். பதம் வந்தப்புறம் ரெண்டு மூணு நாள் விட்டாப் போதும், பூ பிரிஞ்சு போயிடும். விலை இல்லேன்னு வயல்லயே வச்சிருக்க முடியாது, வந்த விலைக்குத் தள்ளணும். போன வருஷம் வெட்டுக்கூலிகூடத் தேறாம மாட்டுக்குப் போட்டோம்.

டவுன்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இதுல வைட்டமின் சி நிறைய. உப்பு மஞ்சள் போட்ட வெந்நீர்ல புழுவுக்காக முக்கறது சரி, அதுக்காக வேகவச்சுத் தண்ணியைக் கொட்டிடாதீங்க, சத்தும் போயிடும். இளந்தண்டையும் உள் இலையையும் பொரியல் பண்ணுங்க. சில்லி கோபி எப்பவாவது போதும்.

மறுநாள் மாமியே போன் பண்ணாங்க. பூவை சாம்பார்ல போட்டாங்களாம், நல்லா வெந்துதாம். "தெற்கு மாட வீதியில ஒண்ணு நாப்பது ரூபாங்கறான். உங்களுக்கு என்ன கொடுப்பா?"

"போன வாரம் எட்டு ரூபா மாமி."

கொஞ்ச நேரம் போன்ல சத்தமே இல்லை.