நாய்க்கு உண்ணி மருந்தும் பூச்சிக் குளிசையும்: எதற்குச் செலவழிப்பது, எதற்குப் பயப்படுவது?

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் தர்மபுரத்தைத் தாண்டினால் வருவது விசுவமடு. 2009 ஜனவரி இறுதியில் இந்த ஊரும் போரின் கைக்குள் போனது. புதுக்குடியிருப்புப் பக்கம் நகர்ந்த சனம் வீட்டையும் தோட்டத்தையும் மாடுகளையும் விட்டதுபோல நாய்களையும் விட்டுத்தான் போனது. மீள்குடியேறி, தறப்பாள் கொட்டிலில் வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கியபோது பல வளவுகளில் வேலி வருவதற்கு முன்பே ஒரு நாய் வந்துவிட்டது.

அந்த நாய் இங்கே செல்லப்பிராணி மட்டுமல்ல. கணவரை இழந்த பெண்ணும், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கும் தாயும் தனித்திருக்கும் வீட்டில் இரவுக் காவல் அதுதான். கோழிக்கூட்டுக்கும் மாட்டுப்பட்டிக்கும் பன்றி இறங்கும் தோட்டத்துக்கும் அதன் குரைப்புத்தான் முதல் எச்சரிக்கை. அதனால் அதன் உடம்பில் உண்ணி மொய்க்கும்போதோ சொறி பிடித்து மயிர் கொட்டும்போதோ ஏதாவது செய்தாக வேண்டும் என்று வீட்டார் நினைக்கிறார்கள். பாமசியில் விலை கேட்டுத் திரும்பியவர்கள், மாட்டுக்கு வாங்கி மிஞ்சிய ஊசி மருந்தையோ, உழவு இயந்திரத்தில் கழித்த கறுப்பு ஒயிலையோ, பயிருக்கு அடிக்கும் மருந்தையோ தேடிப் போகிறார்கள். உண்ணியால் சாகாத நாய் வைத்தியத்தால் சாவது அப்படித்தான்.

எந்த மருந்து எதற்கு, அதன் பக்கவிளைவு என்ன, கையில் இருக்கும் காசை முதலில் எங்கே போடுவது என்பதை இக்கட்டுரை ஒழுங்காகச் சொல்கிறது.

எதனோடு போராடுகிறோம்?

நாயின் ஒட்டுண்ணிகளை இரண்டாகப் பிரிக்கலாம். வயிற்றுக்குள் இருப்பவை கொழுக்கிப்புழு, வட்டப்புழு, நாடாப்புழு. தோலில் இருப்பவை உண்ணி, தெள்ளு, சொறியை உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள்.

இவற்றில் குட்டிகளைக் கொல்வதில் முன்னிற்பது கொழுக்கிப்புழு. அது குடற்சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கும். தாயின் பால் வழியாகவே குட்டிக்குத் தொற்றும். ஈறு வெளிறி, கறுத்த மலம் போய், இரண்டு மூன்று வார வயதிலேயே குட்டி சாகலாம். நாயில் காணப்படும் கொழுக்கிப்புழுக்களில் ஓரினத்தின் விஞ்ஞானப் பெயரிலேயே ‘சிலோன்’ இருக்கிறது. 1911இல் விபரிக்கப்பட்ட அந்த இனம் மனிதக் குடலிலும் வளரக்கூடியது. வேறு இனங்களின் குடம்பிகள் வெறுங்காலில் நடக்கும் பிள்ளைகளின் தோலுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து ஓடும் கடிச் சொறியை உண்டாக்கும். வட்டப்புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். அது பிள்ளையின் வாய்க்குள் போனால் ஈரலையும், சில வேளை கண்ணையும் பாதிக்கும்.

உண்ணி இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை, காய்ச்சலையும் பரப்புகிறது. நாய் சாப்பிடாமல் படுத்துவிடுவதும், மூக்கால் இரத்தம் வருவதும், சிறுநீர் கோப்பி நிறமாவதும் உண்ணிக் காய்ச்சலின் அடையாளங்கள்.

நுளம்பு பரப்பும் இழைப்புழு ஒன்றும் இலங்கை நாய்களில் பரவலாக உண்டு. அது மனிதருக்குத் தொற்றினால் தோலுக்கடியிலோ கண்ணருகிலோ கட்டியாகத் தெரியும். இவ்வகைத் தொற்று அதிகம் பதிவான நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆகவே நாய்க்குச் செய்யும் வைத்தியம் வீட்டுப் பிள்ளைகளுக்குமான பாதுகாப்பு.

பூச்சிக் குளிசை: செலவு குறைவு, பயன் அதிகம்

பைரன்டெல் என்ற மருந்து கொழுக்கிப்புழுவுக்கும் வட்டப்புழுவுக்கும் வேலை செய்யும். இரண்டு வாரக் குட்டிக்கும் கொடுக்கலாம். பக்கவிளைவு என்றால் பெரும்பாலும் ஒருநாள் வாந்தியோ வயிற்றோட்டமோதான். நாய்களுக்கென்று விற்கும் கூட்டுக் குளிசைகளில் இதனோடு பிரசிகுவான்டெல் சேர்ந்திருக்கும், அது நாடாப்புழுவுக்கு. பென்பென்டசோல் என்பது தொடர்ந்து மூன்று நாள் கொடுக்க வேண்டிய, நாய்கள் நன்றாகத் தாங்கும் இன்னொரு மருந்து.

பிள்ளைகளுக்கு வாங்கிய பூச்சிக் குளிசையை நாய்க்கு உடைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. அவற்றில் இருப்பது மெபென்டசோல் அல்லது அல்பென்டசோல். முன்னையது சில நாய்களின் ஈரலைப் பாதித்திருக்கிறது. பின்னையது அளவு மீறினாலோ நாட்கள் நீடித்தாலோ எலும்பு மச்சையில் இரத்தம் உருவாவதைக் குறைக்கும். நாய்க்கான குளிசையின் விலை எட்டாததாக இல்லாதபோது இந்த ஆபத்தை வாங்கத் தேவையில்லை.

குட்டிகளுக்கு 2, 4, 6, 8 வாரங்களில் கொடுத்து, பின் ஆறு மாதம் வரை மாதமொருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது பொதுவான ஒழுங்கு. தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். புழு நிரம்பி வயிறு ஊதிய குட்டிக்கு மட்டும் வைத்தியரிடம் கேட்டுக் கொடுப்பது நல்லது. செத்த புழுக்கள் ஒன்றாகத் திரண்டு குடலை அடைக்கக்கூடும்.

நாயின் பின்பக்கத்தில் அரிசிபோல வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அது தெள்ளு வழியாக வந்த நாடாப்புழு. அதற்குக் குளிசை கொடுத்து, தெள்ளை விட்டால் ஒரு மாதத்தில் திரும்பவும் வரும். காசு வீண்.

ஐவர்மெக்ரின்: நல்ல மருந்து, அளவு தவறினால் நஞ்சு

இந்த மருந்தைக் கண்டுபிடிக்க வழிவகுத்த இருவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆபிரிக்காவில் ஆற்றுக் குருட்டு நோயைக் கட்டுப்படுத்தியது இதுவே. நாயின் சொறிக்கும் வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். சிக்கல், நம் கையில் கிடைப்பது மாட்டுக்கான ஊசி மருந்து என்பதில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். வழமையான ஒரு வீத மருந்தில் ஒரு மில்லிலீற்றர் 50 கிலோ மாட்டு நிறைக்குரிய அளவு. அதே ஒரு மில்லிலீற்றரைப் பத்துக் கிலோ நாய்க்குப் போட்டால் நிறைக்கு ஐந்து மடங்கு மருந்து போகிறது. இரண்டு கிலோக் குட்டிக்குப் போட்டால் இருபத்தைந்து மடங்கு. ஊசியில் சிறு கோடுகளைக் கண்ணால் மட்டிட்டுப் போடும் மருந்தல்ல இது.

அளவு மீறினால் கண்மணி விரியும், எச்சில் வடியும், நாய் தள்ளாடும், நடுங்கும், பார்வை போகும், கடைசியில் நினைவிழக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. சேலைன் ஏற்றி, நாட்கணக்கில் பராமரித்துப் பிழைக்கவைக்க முயல்வது மட்டுமே வழி. கொலி இன நாய்களிலும் அவற்றின் கலப்பிலும், ஜேர்மன் ஷெப்பேட்டில் சிலவற்றிலும் உள்ள ஒரு பரம்பரைக் குறைபாட்டால் சொறிக்குப் போடும் வழமையான அளவே மூளையைத் தாக்கும். இரத்தத்தில் இழைப்புழுக் குடம்பிகள் நிறைந்த நாய்க்குப் போட்டால் திடீர் அதிர்ச்சி வரலாம்.

இன்னொன்று: இது உண்ணிக்கு நம்பகமான மருந்தல்ல. உண்ணிக்காக இதைப் போடுகிறவர் ஆபத்தை மட்டும் வாங்குகிறார்.

தோலில் பூசுபவை, தெளிப்பவை

அமிட்ராஸ் என்ற கரைசல் உண்ணிக்கும் சொறிக்கும் வேலை செய்யும். விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. ஒவ்வொரு போத்தலின் செறிவும் வேறு என்பதால், பக்கத்து வீட்டார் சொன்ன அளவில் கலக்காமல் சிட்டையில் உள்ளபடி கலக்க வேண்டும். பூசிய பின் நாய் அரைத் தூக்கத்தில் கிடப்பதும் இதயத்துடிப்பு மந்தமாவதும் உடல் குளிர்வதும் இதன் பக்கவிளைவுகள். சின்னக் குட்டிக்கும் சினை நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. இரத்தச் சீனியைக் கூட்டும் தன்மை உள்ளதால் நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கையாளாமல் இருப்பது நல்லது. மற்றவர்களும் கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் பூச வேண்டும். காயும்வரை நாயை நக்கவிடக்கூடாது.

பிப்ரோனில் என்பது பிடரியில் விடும் துளியாகவோ தெளிப்பாகவோ வரும். தெள்ளுக்கும் உண்ணிக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் வரை வேலை செய்யும். பூசிய இடத்தில் சிறு எரிச்சல் வரலாம். முயல்களுக்கு இது நஞ்சு. சில பயிர் மருந்துகளிலும் இதே பெயர் இருக்கிறது. பெயர் ஒன்றானாலும் அதில் கலந்துள்ள கரைப்பான்களும் செறிவும் வேறு. நாயின் தோலுக்கு அவை செய்யப்பட்டவையல்ல.

பெர்மெத்ரின் கலந்த மருந்தை நாய் தாங்கும், பூனை தாங்காது. இரண்டும் ஒரே சாக்கில் படுக்கும் வீட்டில் அதை வாங்காதீர்கள்.

மூன்று மாதக் குளிசை

புளூரலானர், அபொக்சொலானர், சரொலானர் என்ற பெயர்களில் வரும் புதிய குளிசைகள் உண்ணி, தெள்ளு, சொறி மூன்றுக்கும் வேலை செய்கின்றன. முதலாவது ஏறத்தாழ 12 வாரம், மற்றவை ஒரு மாதம் நிற்கும். பெரும்பாலான நாய்கள் சிக்கலின்றி எடுக்கின்றன. வாந்தி, வயிற்றோட்டம், சாப்பாட்டில் விருப்பமின்மை சிலவற்றில் வரும். நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு அரிதாக வரலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டெம்பரில் எச்சரித்தது. தடை செய்யவில்லை. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய்க்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்பதே இதன் பொருள்.

இவை எல்லாம் இறக்குமதி. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆனால் விலையை நாட்கணக்கில் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, இரண்டு வாரம் நிற்கும் 600 ரூபா மருந்தை 12 வாரத்துக்கு ஆறு தடவை வாங்கினால் 3,600 ரூபா. 12 வாரம் நிற்கும் குளிசை 4,000 ரூபா என்றால் வித்தியாசம் 400தான். இவை கணக்குப் பழக எடுத்த எண்கள், சந்தை விலை அல்ல. கடையில் கேட்ட விலையை வைத்து நீங்களே இப்படிக் கணக்குப் பாருங்கள்.

குளிசை நிறைப்படி விற்கப்படுகிறது. பெரிய நாயின் குளிசையை வாங்கி இரண்டு நாய்க்கு உடைப்பது இலாபம்போலத் தெரியும். மருந்து குளிசை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும் என்ற உறுதி இல்லை; ஒன்றுக்குக் கூடும், மற்றதற்குக் குறையும். நிறை தெரியாவிட்டால் நெல் நிறுக்கும் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, பின் உங்கள் நிறையைக் கழித்துவிடுங்கள்.

செய்யவே கூடாதவை

கறுப்பு ஒயில்: தோலை எரிக்கும். நக்கி உள்ளே போனால் ஈரலும் சிறுநீரகமும் பழுதாகும். வெயிலில் நாய்க்கு உடற்சூடு தணியாது. சொறி ஆறியதுபோலத் தெரிவது எண்ணெய் மூடியதால்தான்.

பயிர் மருந்து: எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, உடல் துடித்து, மூச்சு முட்டி நாய் சாகலாம். அதைக் கட்டிப்பிடித்து விளையாடும் பிள்ளைக்கும் ஆபத்து.

மண்ணெண்ணெய்: தோலுக்கும் நுரையீரலுக்கும் கேடு.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது தீங்கில்லை. இலேசான எரிச்சலைத் தணிக்கும். உடம்பு முழுக்கப் பரவிய சொறியையோ உண்ணிக் காய்ச்சலையோ அது மாற்றாது.

காய்ச்சல் வந்துவிட்டால்

உண்ணிக் காய்ச்சலில் ஒருவகைக்கு டொக்சிசைக்கிளின் குளிசை வைத்தியர்கள் கொடுப்பது. விலை அதிகமில்லை, ஆனால் ஏறத்தாழ நான்கு வாரம் தொடர வேண்டும். நாய் எழும்பிவிட்டது என்று ஐந்தாம் நாள் நிறுத்தினால் நோய் உள்ளே பதுங்கும். வாந்தி வராமலிருக்கச் சோற்றோடு கொடுங்கள். பாலோடு வேண்டாம், பால் மருந்தை உடலில் சேரவிடாது. இன்னொரு வகைக்கு இமிடோகாப் ஊசி. அது போட்ட இடம் நோகும், எச்சிலும் வாந்தியும் வரும். அதைக் கால்நடை வைத்தியரே போட வேண்டும்.

காசு குறைவென்றால் எந்த ஒழுங்கில்?

முதலில், காசில்லாமல் செய்யக்கூடியவை. நாயின் மலத்தை அன்றன்றே புதைத்தல், பிள்ளைகளுக்குச் செருப்பு, படுக்கும் சாக்கை வெயிலில் போடுதல். உண்ணிகளில் மிகச் சிறு பங்குதான் நாயின் உடம்பில் இருக்கும். மற்றவை பூச்சுப் பூசாத சுவரின் வெடிப்பிலும் கூரை மூலையிலும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே வெடிப்புகளைச் சீமெந்தாலோ களிமண்ணாலோ அடைப்பது மருந்துக்குச் சமம். பிடுங்கிய உண்ணியை நகத்தால் நசுக்காமல், கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்ட போத்தலில் போடுங்கள்.

இரண்டாவது, விசர்நாய்த் தடுப்பூசி. சுகாதாரத் திணைக்களம் இலவசமாகப் போடுகிறது. எங்கே எப்போது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். மூன்றாவது, பூச்சிக் குளிசை. நான்காவது, உண்ணிக்கான மருந்து. சொறி உடம்பு முழுக்கப் பரவியிருந்தால் பல தடவை மலிவு மருந்து பூசுவதைவிட ஒரு தடவை பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டி, எந்தச் சொறி என்று அறிந்து மருந்து எடுப்பது மொத்தத்தில் செலவு குறைந்தது. ஒருவகைச் சொறி மனிதருக்கும் ஒட்டும், மற்றது ஒட்டாது, வைத்தியமும் வேறு.

உடனே வைத்தியரிடம் போக வேண்டிய அடையாளங்கள்

மருந்து கொடுத்த அல்லது பூசிய பின் நடுக்கம், வலிப்பு, தள்ளாட்டம், பார்வைக் குறைவு, இடைவிடாத எச்சில், மூச்சுத்திணறல், எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பூசிய மருந்தானால் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், உங்கள் கைக்கும் கையுறை போடுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். பாலோ தேங்காய்ப்பாலோ பருக்காதீர்கள். கொழுப்போடு சில நஞ்சுகள் இன்னும் வேகமாக உடலில் சேரும். மருந்துப் போத்தலையோ பெட்டியையோ கையோடு கொண்டு போங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்று விபரமும் இருந்தால் வைத்தியரின் வேலை பாதி முடிந்தது.

கொடுத்த மருந்தின் பெயர், அளவு, திகதி, நாயின் நிறை ஆகியவற்றை ஒரு பழைய கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை எப்போது என்பதற்கும், முன்பு எந்த மருந்து ஒத்துவரவில்லை என்பதற்கும் அந்தக் கொப்பி போதும்.