தலை எப்படி ‘தல’ ஆச்சு?

இந்த எபிசோடுக்குக் காரணம் என் பாட்டி. தாத்தாவோட அலமாரியில 1950-களில் அச்சான ஒரு கதைப் புத்தகம் இருக்கு, 112 பக்கம். கண்புரை வந்ததுல இருந்து பாட்டியால பொடி எழுத்தைப் படிக்க முடியல. “உன் போன்தான் பேசுதே, இதையும் படிக்கச் சொல்லேன்டா”ன்னாங்க.

இது ஒண்ணும் புது ஆசை இல்லை. அச்சிட்ட எழுத்தைப் படிக்கிற இயந்திரங்கள் 1960-களிலேயே இருந்தன. ஆனா அவை ஒரு சில எழுத்துருக்களைத்தான் படிக்கும். அதுக்குன்னே 1968-ல ஓசிஆர்-ஏ என்று ஒரு எழுத்துருவையே வடிவமைச்சாங்க, அதாவது இயந்திரத்துக்கு ஏத்த மாதிரி மனுஷன் எழுதணும். எந்த எழுத்துருவா இருந்தாலும் படிச்சு, சத்தமா வாசிச்சும் காட்டுற இயந்திரத்தை ரே கர்ஸ்வைல் 1976-ல வெளியிட்டார். பார்வையற்றவர்களுக்காகச் செய்தது அது. பாடகர் ஸ்டீவி வொண்டர் ஒண்ணு வாங்கினார். பாட்டி கேட்டதும் அதே இயந்திரம்தான், தமிழ்ல.

நான் எடுத்தது டெசராக்ட். ஹெச்பி நிறுவனத்தோட பிரிஸ்டல் ஆய்வகத்தில் 1985-ல தொடங்கிய மென்பொருள். பத்து வருஷத்துல கிடப்பில் போட்டுட்டாங்க. 2005-ல கட்டற்ற மென்பொருளா வெளிய வந்துச்சு, அடுத்த வருஷம் கூகிள் கை கொடுத்தது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பக்கங்களைப் போட்டோ எடுத்து, சாய்வை நிமிர்த்தி, உள்ளே தள்ளினேன்.

போன் வாசிக்க ஆரம்பிச்சுது. மலை ‘மல’ ஆச்சு. தலை ‘தல’ ஆச்சு. கதையில ராஜா தலையசைக்கிற இடமெல்லாம் அஜித் படம் மாதிரி இருந்துச்சு. நான் சிரிச்சேன், பாட்டி சிரிக்கல. “அங்க தும்பிக்கை இருக்கும், நல்லா பாரு”ன்னாங்க.

இருந்துச்சு. நான் படிச்சு வளர்ந்த தமிழ்ல இல்லாத வடிவம். அன்னிக்கு ணை, லை, ளை, னை நாலுக்கும் முன்னாடி ஐகாரக் குறி போட மாட்டாங்க. எழுத்து மேலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வரும். ணா, றா, னாவுக்கும் தனிக் கால் கிடையாது, எழுத்தோடயே சேர்ந்த சுழி. ஒகர, ஓகார வரிசையிலும் அப்படித்தான். மொத்தம் 13 எழுத்து. இதை மாத்தணும்னு பெரியார் 1935-லேயே குடி அரசில் செஞ்சு காட்டினார். அச்சுக் கோப்பவருக்கு எழுத்துக் குறையும், குழந்தைக்குப் படிக்கச் சுலபம். தமிழ்நாடு அரசு ஆணை 1978-லதான் வந்துச்சு. அதிலயும் அவர் சொன்ன ‘அய்’, ‘அவ்’ சேரல.

சீர்திருத்தம் நல்லதுதான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா டெசராக்டோட இப்போதைய வடிவத்தைப் பெரும்பாலும் கணினி எழுத்துருக்களால உருவாக்கிய படங்களை வெச்சுத்தான் பழக்கியிருக்காங்க. அந்த எழுத்துருக்கள் ஏறக்குறைய எல்லாமே 1978-க்குப் பிந்தைய தமிழ். பாவம், அது தும்பிக்கையைப் பார்த்ததே இல்லை. தெரிஞ்ச ‘ல’வை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தூசின்னு விட்டுடுச்சு. இதுல பயம் என்னன்னா, வந்த பிழை பிழை மாதிரியே தெரியாது. ‘வலை’ ‘வல’ ஆனா கண்டுபிடிச்சுடலாம். ‘கனை’ ‘கன’ ஆனா? அதுவும் ஒரு சொல்தானே.

ஒரு நல்ல விஷயம், யூனிகோடுல பழைய லைக்கும் புது லைக்கும் ஒரே குறியீடுதான். வித்தியாசம் எழுத்துருவில் மட்டும். அதனால இன்றைய தமிழ் உரையையே பழைய வடிவ எழுத்துருவில் படமாக்கி, அதுக்கான விடையா அதே உரையைக் கொடுத்து இயந்திரத்தைப் பழக்கலாம். ரெண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து அதைத்தான் செஞ்சேன். தும்பிக்கை பெருமளவு சரியாச்சு. புள்ளி மங்கின இடமும், காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள குழப்பமும் அப்படியேதான் இருக்கு.

அதுக்குத்தான் இப்ப சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம். போன் வாசிக்கும், பாட்டி கண்ணை மூடிக் கேட்பாங்க, “நிறுத்து”ன்னா நான் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்துத் திருத்துவேன். நேத்து 41-ஆம் பக்கம் முடிஞ்சுது. அதுல ஒரு சொல்லுக்கு ரெண்டு பேரும் இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்.