பகாரி செல்லர்ஸ்: நீதிமன்றமும் தொலைக்காட்சி விவாதமும்

பகாரி செல்லர்ஸ் (பிறப்பு 1984) அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவைச் சேர்ந்த கறுப்பின வழக்கறிஞர், ஜனநாயகக் கட்சிக்காரர், சிஎன்என் தொலைக்காட்சியின் அரசியல் விமர்சகர். அவரது கதையை அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும்.

1968 பிப்ரவரி 8 அன்று ஆரஞ்ச்பர்க் நகரில், வெள்ளையரை மட்டுமே அனுமதித்த விளையாட்டரங்கை எதிர்த்துப் போராடிய கறுப்பின மாணவர்கள்மீது நெடுஞ்சாலைக் காவலர்கள் சுட்டனர். மூவர் இறந்தனர். வழக்குத் தொடரப்பட்ட காவலர் ஒன்பது பேரும் விடுதலையாயினர். குண்டடிபட்ட கிளீவ்லண்ட் செல்லர்ஸ் மட்டும் கலகக் குற்றத்திற்காகச் சிறை சென்றார். (தாக்கப்பட்டவர்மீதே எதிர்வழக்குப் பதிவாவதை அன்றாடம் காணும் நமக்கு இது புதிதன்று.) 1993இல்தான் மாநிலம் அவருக்கு மன்னிப்பு வழங்கியது. அவருடைய மகனே பகாரி.

2006இல், 22ஆம் வயதில், பகாரி மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். சட்டப் பட்டம் பெற்றது 2008இல். 2014இல் துணை ஆளுநர் தேர்தலில் தோற்றார். அதன் பின்னரே தேசியத் தொலைக்காட்சி அவரை அறிந்தது.

2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். பகாரியின் நண்பரும் மாநிலச் செனட்டருமான போதகர் கிளெமென்டா பிங்க்னி அவர்களுள் ஒருவர். அடுத்த மாதமே, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் கொடி சட்டமன்ற வளாகத்திலிருந்து இறக்கப்பட்டது.

கட்சிக்காரரே விமர்சகராகவும் அமர்வது குறித்து நமக்குத் தயக்கம் உண்டு. தம் கட்சியைக் குறுக்குவிசாரணை செய்ய அந்த நாற்காலி எளிதில் இடந்தராது. ஆயினும் தெற்கின் கிராமப்புறக் கறுப்பினத் தொழிலாளரைப் பற்றி 2020இல் தன்வரலாறு எழுதிய அவர், வழக்காடுவதையும் கைவிடவில்லை.